ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்

நாட்டை ஆண்ட தலைவரைப் பற்றி ஊரே தேர்தலில் தீர்ப்புச் சொல்லி, அவரை வீட்டுக்கு அனுப்பி, அடுத்து வந்தவரைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் பழைய வழக்கு முடிந்தபாடில்லை.

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. ஆறு வருஷத்துக்கு முன்னால் அணையைத் திறந்துவிட்ட அன்று, தண்ணீர் வரப்போகிறது என்பது தலைவருக்கு முன்கூட்டியே தெரியுமா, தெரியாதா? தெரிந்தும் சும்மா இருந்தார் என்றால் அவர் பாவி. தெரிந்துகொள்ளவே துப்பில்லாமல் இருந்தார் என்றால் கையாலாகாதவர். இரண்டில் எது என்று தெரிந்தால்தான் அவளால் ஒழுங்காகத் திட்ட முடியும். அந்தத் தண்ணீரில் போன இருநூற்றுப் பதினான்கு பேரில் அவளுடைய ஒரே மகளும் ஒருத்தி.

பதவி போன மறுவருஷமே தலைவரின் ஆலோசகர்களுக்கு மனசாட்சி முளைத்துவிட்டது. முளைத்த கையோடு பதிப்பகத்துக்கும் போன் போட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு புத்தகம். கெட்டி அட்டை, அட்டையில் அவரவர் படம், நாட்டைப் பற்றிய கவலையில் மோவாயில் கை. அக்கா முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றுவிட்டது. எதிரே இருப்பது ஆளா அலமாரியா என்று தெரியும், அவ்வளவுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் மத்தியானம் மூன்று மணிக்கு அவளுடைய தம்பி வந்து வாசித்துக் காட்டுவார்.

தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை, ஐம்பத்தேழு வயது. தலைவரின் அலுவலகத்திலேயே பத்தொன்பது வருஷம் கோப்புகளைச் சுருக்கி எழுதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருக்குச் சுருக்கர் என்று பேர். சொந்தப் பேரைவிட அதைத்தான் அதிகம் கேட்டுப் பழகியவர் என்பதால் நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அக்காவுக்குத் தெரியாத ஒன்று சுருக்கருக்குத் தெரியும். அன்றைக்குத் தலைவரின் அறையில் எந்த ஆலோசகரும் இல்லை. தலைவரும் சுருக்கரும்தான் இருந்தார்கள். அந்தச் செய்தியைத் தலைவர் கையில் கொடுத்ததே இவர்தான். இது தெரிகிற நாளில் அக்கா தனக்கு இல்லை என்று அவர் முடிவு கட்டிவைத்திருந்தார். அவருக்கு வேறு யாரும் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்து பத்து வருஷம், பிள்ளை குட்டி இல்லை. தோளில் தூக்கி வளர்த்தது அக்கா மகள் பாப்பாவைத்தான். அவளும் போன பிறகு, வாரத்தில் ஆறு நாளைத் தள்ளுவதே ஏழாவது நாளில் அக்கா வீட்டு மாடிப்படி ஏறுவதற்காகத்தான்.

வாசிப்பு நடக்கும் அறையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு கட்டில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் கேன், காலை மாலை என்று தனித்தனி டப்பாவில் மாத்திரை. ஜன்னலுக்குக் கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. அங்கே எவனாவது வண்டியை முறுக்கினால் அக்கா கையைக் காட்டுவாள், சுருக்கர் நிறுத்துவார். சத்தம் ஓய்ந்ததும், "ம், அந்த அயோக்கியன் அப்புறம் என்ன சொல்றான்?" என்பாள். எழுதியவர், எழுதப்பட்டவர் இருவருக்கும் அவள் வைத்திருந்தது ஒரே மரியாதைதான்.

முதல் புத்தகம் சீப்பு எழுதியது. சட்டைப்பையில் சீப்பு வைத்துக்கொண்டு, தலைவரின் அறைக்குள் நுழையும் முன் ஒருமுறை, வெளியே வந்ததும் ஒருமுறை வாரிக்கொள்கிற பொருளாதார ஆலோசகர் அவர். பேர் வைத்தது குமாஸ்தாக்கள். அவர் எழுதியிருந்தார்: "அன்று பிற்பகல் அறையில் நானும் தலைவரும் மட்டுமே இருந்தோம். மூன்று முறை எச்சரித்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்."

இரண்டாவது, ஆமாஞ்சாமி எழுதியது. அந்தப் பேருக்கு விளக்கம் தேவையில்லை. அவர் எழுதியிருந்தார்: "அறையில் நானும் தலைவரும் மட்டுமே. அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவர் கையை உதறினார்."

அக்கா சிரித்துவிட்டாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை விரல்விட்டு எண்ணலாம். அதில் இது ஒன்று.

"ஒரே ரூம்ல, ஒரே நேரத்துல, ரெண்டு பேர் தனித்தனியா இருந்திருக்காங்க. பெரிய ரூம்தான் போல" என்றாள்.

"பெரிய ரூம்தான்க்கா" என்றார் சுருக்கர்.

"தம்பி, நான் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். ஷிப்ட் மாறும்போது நோயாளி செத்துட்டான்னு வெச்சுக்கோ. போற நர்ஸ், நான் சொல்லிட்டுத்தானே போனேன்பா. வர்ற நர்ஸ், என்கிட்ட சொல்லவே இல்லையேம்பா. டாக்டர், ரெண்டு பேருமே என்னைக் கூப்பிடலைம்பாரு. செத்தவன் மட்டும்தான் பொய் சொல்லாம படுத்திருப்பான்."

"அப்ப எப்படிக்கா கண்டுபிடிப்பே?"

"தன்மேல ஒரு தப்பாவது ஒத்துக்கிற ஆளு யாருன்னு பார்ப்பேன். அவ சொல்றதை நம்புவேன். மத்ததெல்லாம் குப்பை." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அந்தத் தலைவன் விஷயத்துல ரெண்டு பொய்யனும் ஒண்ணு சொல்றான் பாரு, அவனுக்குத் தெரியும்னு. தெரிஞ்சு எல்லார்கிட்டயும் மறைச்சிருக்கான். அது மட்டும் உண்மை."

சுருக்கர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். வேறென்ன செய்வது?

நடந்தது இதுதான். தலைவர் பதவிக்கு வந்த முதல் வாரமே ஓர் உத்தரவு போட்டார். எவ்வளவு பெரிய விஷயமானாலும் என் மேசைக்கு ஒரு பக்கத்தில் வர வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அவர் வாசிக்கச் சோம்பல்படுகிறவர் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்த உத்தரவைப் புகழ்ந்து தலையங்கம் எழுதிய பத்திரிகைகளும் உண்டு. நேர நிர்வாகமாம். நாசமாய்ப் போன நிர்வாகம்.

அந்த ஒரு பக்கத்தை எழுதியவர் சுருக்கர். மகா கெட்டிக்காரர். அணைப் பொறியாளர் நாற்பது பக்கம் எழுதுவார், துறை அதைப் பதினாலாக்கும், சுருக்கர் ஒன்றாக்குவார். போகிற வழியில் சொற்களும் மெலியும். கெட்ட செய்தி படித்தால் தலைவருக்குத் தூக்கம் வராது, தலைவருக்குத் தூக்கம் வராவிட்டால் விடியற்காலையில் ஆலோசகர்களைப் போனில் எழுப்புவார். ஆகவே 'பக்குவமா எழுதுய்யா' என்று ஆமாஞ்சாமி அடிக்கடி வந்து சொல்லிவிட்டுப் போவார். சாவு என்று எழுதக் கூடாது, பாதிப்பு என்று எழுத வேண்டும். ஆபத்து என்று எழுதக் கூடாது, கவனிக்கத்தக்கது என்று எழுத வேண்டும். இந்தப் பக்குவத்தில் சுருக்கருக்குப் பெருமையே உண்டு.

இன்னொரு தொழில் ரகசியமும் இருந்தது. கோப்பைச் சுருக்குகிறவர்கள் யாரும் முழுக்க வாசிப்பதில்லை. முதல் பக்கத்தில் விஷயம் இருக்கும், கடைசிப் பக்கத்தில் கோரிக்கை இருக்கும், நடுவில் இருப்பதெல்லாம் நாளைக்கு மாட்டிக்கொள்ளாமல் இருக்க எழுதிவைப்பது. பத்தொன்பது வருஷத்தில் இந்தக் கணக்கு ஒருநாளும் தப்பவில்லை. அன்று தப்பியது. பொறியாளர் ஊருக்குப் புதியவர், அலுவலக எழுத்துப் பழகாதவர். மாலை ஆறு மணிக்குள் காலி செய்ய வேண்டிய தெருக்களின் பட்டியலை அவர் நடுவில் போட்டிருந்தார், துறையின் பதினாலில் அது பதினோராம் பக்கமாகி வந்தது.

கோப்பின் நெற்றியில் 'உடனடி' என்று இருந்தது. எல்லாக் கோப்பிலும்தான் இருந்தது. தன் கோப்பு முதலில் போக வேண்டும் என்று ஒவ்வொரு துறையும் அப்படி எழுதி எழுதி, அந்தச் சொல்லுக்கு இந்த வாரத்துக்குள் பார்க்கவும் என்பதற்கு மேல் பொருள் இல்லாமல் போயிருந்தது. சுருக்கர் முதல் பக்கம் பார்த்தார், கடைசிப் பக்கம் பார்த்தார், பத்து நிமிஷத்தில் எழுதினார். நீர்வரத்து கூடுதலாக உள்ளது, நிலைமை கவனிக்கத்தக்கது, தாழ்வான பகுதிகள் குறித்து நாளைக் காலை முடிவெடுக்கலாம். மூன்று இருபதுக்கு அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தலைவர் காலுறையைக் கழற்றிவிட்டு வீங்கிய பாதங்களை ஒரு முக்காலியில் வைத்திருந்தார். பக்கத்தை வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"இதுல பயப்படுற மாதிரி ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க ஐயா."

அவ்வளவுதான் பேச்சு. தலைவர் ஓரத்தில் 'நாளை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுருக்கர் வெளியே வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பாப்பா போன் பண்ணினாள். பரீட்சைக்குப் படிக்க லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தவள். அப்போது அவர்கள் குடியிருந்தது ஆற்றங்கரைத் தெருவில், தரைத்தள வீட்டில். அம்மா டியூட்டிக்குப் போய்விட்டாள்.

"மாமா, பக்கத்து வீட்ல எல்லாம் சாமான் ஏத்திட்டிருக்காங்க. தண்ணி வரும்னு பேசிக்கிறாங்க. நானும் கிளம்பணுமா?"

"யாரு சொன்னா? நான் இப்பதான் தலைவர் ரூம்லேர்ந்து வர்றேன். பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. நீ வீட்லயே இருந்து படி, பாப்பா."

"சரி மாமா."

ஐந்து ஐம்பதுக்கு அணை தாங்காது என்று எல்லா மதகுகளையும் திறந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அந்தக் கோப்பு அலமாரிக்குத் திரும்பி வந்தது. சுருக்கர் அப்போதுதான் அதை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். பட்டியலில் அக்காவின் தெரு ஏழாவதாக இருந்தது. கோப்பை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். யாரிடமும் சொல்லவில்லை. பாப்பா போன் பண்ணியதையும் சொல்லவில்லை. அக்கா தலைவரைத் திட்டினாள், இவரும் தலையாட்டினார். திட்டுவதற்குத் தலைவரிடம் விஷயமும் ஏராளமாக இருந்தது. ஒரு பக்கத்துக்கு மேல் படிக்க மாட்டேன் என்றவர் அவர்தானே, நானா போட்டேன் உத்தரவை என்று சுருக்கர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொண்டால் அரைமணி நேரம் மூச்சு விடலாம்.

இப்படியே ஓடிய கதையில்தான் மூன்றாவது புத்தகம் வந்தது. எழுதியவர் கடுகு. சட்டென்று பொரிந்து விழுகிறவர், தலைவரையே எதிர்த்துக் கத்திவிட்டுக் கோப்பை விசிறியடித்தவர். சுருக்கர் எப்போதும் புத்தகத்தை முன்கூட்டி ஒருமுறை படித்துவிடுவார். எங்காவது தன் பேர் தென்படுகிறதா என்ற பயம். கடுகின் புத்தகத்தைச் சனிக்கிழமை பேருந்தில் படித்துக்கொண்டு போனவர் இருநூற்று மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார். கடைசி நிறுத்தத்தில் நடத்துனர் வந்து தோளைத் தட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு அக்கா வழக்கத்துக்கு மாறாகத் தலைவாரி, துவைத்த புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கடித உறை.

"எதிர்வீட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டினா. புது அரசாங்கம் விசாரணைக் குழு வெச்சிருக்குல்ல, என்னைக் கூப்பிட்டிருக்காங்க. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு. இறந்தவங்க சார்பா ஒருத்தர் ஒருத்தரா பேசலாமாம்."

"போறியாக்கா?"

"போகாம? இத்தனை நாளா எதுக்குப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டிருக்கேன்? நீ முதல்ல இந்தக் கடுகு என்ன சொல்றான்னு படி. அதையும் கேட்டுட்டா என் கேஸ் முடிஞ்சுது."

சுருக்கர் வாசித்தார். "அன்று நான் அந்த அறையில் இல்லை. இருந்திருக்க வேண்டியவன். முந்தின நாள் சண்டை போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன். எனக்கான பிரதியாக வந்த குறிப்பின் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை. அது இன்னும் என்னிடம் பிரிக்காமலே இருக்கிறது."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவன் மனுஷன். பார்த்தியா, தன் தப்பை முதல்ல சொல்றான். இவனை நம்பலாம். மேல படி."

மேலே இருந்தது இருநூற்று மூன்றாம் பக்கம். சுருக்கர் அதைத் தாண்டினார். சுருக்கி வாசிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. முந்தின வாக்கியத்தின் வாலையும் இரண்டு பக்கம் தள்ளி வந்த வாக்கியத்தின் தலையையும் அவர் ஒட்டியதில் இணைப்புத் தெரியவில்லை.

"அவ்வளவுதானா? அறையில யாரு இருந்தான்னு சொல்லலையா?"

"சொல்லலக்கா."

அக்காவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"அப்ப யாருமே இல்ல. அந்த ஆளு ஒத்தையா உட்கார்ந்து, தெரிஞ்சுகிட்டு, யார்கிட்டயும் சொல்லாம அமுக்கியிருக்கான். தம்பி, நான் என்ன சொல்லப்போறேன் தெரியுமா? என் கூடப்பொறந்தவன் அதே ஆபீஸ்ல அடுத்த ரூம்ல வேலை பார்த்தான், அவனுக்கே தெரியாம மறைச்சாங்க. என் பொண்ணு மேல சத்தியமா இதுதான் உண்மைன்னு சொல்லப்போறேன்."

"அப்படிச் சொல்லாதக்கா."

"ஏன்? பயமா? உன் பென்ஷனை எவனும் நிறுத்த மாட்டான்."

"பாப்பா மேல சத்தியம் பண்ணாதக்கா."

அவர் குரல் உடைந்திருந்தது. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். முப்பத்தோரு வருஷம் நோயாளிகளின் மூச்சைக் கேட்டுப் பழகிய காது. "என்னடா விட்டுட்ட? நடுவுல என்னத்தை விட்டுட்டுப் படிச்ச?"

சுருக்கருக்கு இன்னொரு பொய் சொல்ல இடம் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் செவ்வாய்க்கிழமை கழியும், ஞாயிற்றுக்கிழமை வரும், மாடிப்படி ஏறலாம். இறந்துபோன பிள்ளையின் பேரால் அக்கா ஒரு பொய்ச் சத்தியம் செய்வாள், அதைப் பத்திரிகையில் போடுவார்கள், இவர் அதையும் அவளுக்கு வாசித்துக் காட்டுவார். அது மட்டும் அவரால் முடியாது என்று தோன்றியது. இரண்டு பக்கம் பின்னால் திருப்பினார். இந்த முறை ஒரு சொல்லையும் விடவில்லை.

"பிறகு ஒருநாள் தலைவரிடமே கேட்டேன். பதவி போய், பக்கவாதம் வந்து, பேச்சு பாதி குழறலாக இருந்தது. அன்று அறையில் யாருமில்லை, பக்கத்தைக் கொண்டுவந்தவனைத் தவிர என்றார். இதில் பயப்படும்படி ஏதாவது இருக்கிறதா என்று நான் அவனைக் கேட்டேன், இல்லை என்றான் என்றார். அவன் பெயரைச் சொல்லுங்கள், குழுவிடம் கொடுக்கிறேன் என்றேன். தலைவர் மறுத்தார். படிக்க வேண்டியவன் நான், அவனைக் கேட்டது என் தப்பு, அவனை விட்டுவிடு என்றார். இந்த மனிதரைப் பற்றி இதுவரை இருநூறு பக்கம் எழுதியிருக்கிறேன். சோம்பேறி, முகஸ்துதிக்கு மயங்குகிறவர், நாட்டை நடத்தத் தெரியாதவர். அத்தனையும் உண்மை. அவர் இப்படிச் சொன்னதும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு அவரை எப்படி எடைபோடுவது என்று எனக்குத் தெரியவில்லை."

கீழே எவனோ வண்டியை முறுக்கினான். அக்கா கையைக் காட்டவில்லை. சத்தம் தானாக ஓய்ந்தது.

"கொண்டுபோனது யாரு?"

"நான்தான்க்கா."

அக்கா கடித உறையை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அப்புறம் கேட்க ஆரம்பித்தாள். வார்டில் புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது விவரம் கேட்கிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் கேட்டாள்.

"எத்தனை மணிக்கு?"

"மூணு இருபது."

"பாப்பா உனக்குப் போன் பண்ணது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஆறு வருஷத்தில் ஒருநாளும் அந்தப் போனைப் பற்றி இந்த அறையில் பேச்சு வந்ததில்லை.

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"உன்கிட்ட பேசிட்டு அடுத்த நிமிஷம் எனக்குப் பண்ணா. நான் வார்டுல இருந்தேன். மாமா சொல்லிட்டாரும்மா, பயமில்லையாம், நீ பதறாதேன்னா. சரின்னு நானும் ஊசி போடப் போயிட்டேன்."

"அப்பவே தெரியுமா? இத்தனை வருஷமா ஏன்க்கா ஒரு வார்த்தை கேட்கல?"

"என்னத்தைக் கேட்க? நீ அவளைக் கொல்லணும்னா சொல்லியிருப்பே? உன்கிட்டயும் மறைச்சிருக்காங்க, நீயும் ஏமாந்துதான் அவளை இருக்கச் சொல்லியிருக்கேன்னு நினைச்சேன். அதைத்தான் இந்தப் புஸ்தகத்துல எல்லாம் தேடிட்டிருந்தேன். எவனாவது ஒருத்தன் எழுதியிருப்பான், அந்த ஆளு எல்லார்கிட்டயும் மறைச்சான்னு. அதைக் கேட்டுட்டா போதும், உன்னைப் பத்தி எனக்கு ஒரு சந்தேகமும் இருக்காதுன்னு." அவள் மூச்சு வாங்கினாள். "முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான்க்கா. கோப்பு மேசை மேலதான் இருந்துச்சு."

"எத்தனை பக்கம்?"

"பதினாலு."

"நீ எத்தனை படிச்ச?"

"ரெண்டு. முதலும் கடைசியும்."

"நம்ம தெரு எதுல இருந்துச்சு?"

"பதினொண்ணுல."

அக்கா தலையை ஆட்டினாள். அது புரிந்தது என்பதற்கான ஆட்டம் இல்லை. கழுத்து தானாக ஆடியது. சுருக்கர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் அவள் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"அவர் போட்ட உத்தரவுக்கா. ஒரு பக்கத்துக்கு மேல..."

"எழுதறதுக்குத்தானேடா ஒரு பக்கம். படிக்கிறதுக்கு யாரு உன்னைத் தடுத்தா?"

இந்தக் கேள்வியை அவர் தன்னிடம் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. ஆனால் வேறொரு வாயிலிருந்து வந்தபோது பதில் சொல்ல ஏதாவது கிடைக்கும் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார் போல. அவர் அழுதார். மூக்கைச் சிந்தத் துணி இல்லாமல் சட்டையின் முன்பக்கத்தைத் தூக்கித் துடைத்துக்கொண்டு அழுதார். அக்கா தேற்றவும் இல்லை, எட்டி உதைக்கவும் இல்லை. உதைத்திருந்தால் கொஞ்சம் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

"செவ்வாய்க்கிழமை நான் வரேன்க்கா. அவங்ககிட்ட நானே சொல்லிடறேன்."

"சொல்லு. அவங்களுக்கு ஆளு வேணும்."

"நீ வருவேல்ல?"

"நான் வந்து என்ன சொல்ல?"

வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்திருந்தது. நாலு மணி மாத்திரைக்கு நேரம் ஆகிவிட்டது. வழக்கமாக அவர்தான் எடுத்துக் கொடுப்பார். எழுந்து டப்பாவைத் திறக்கப் போனவரை அவள் வேண்டாம் என்று நிறுத்தினாள். தானே தடவித் தடவி எடுத்து, தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள்.

"காலையில கண்ணு முழிச்சா எழுந்திரிக்கணும்ல, அதுக்கு ஒண்ணு வேணும்" என்றாள். "எனக்கு அந்த ஆளு இருந்தான். பல்லு விளக்கும்போது திட்டுவேன். மாத்திரை போடும்போது திட்டுவேன். டி.வி.யில அவன் குரல் கேட்டா அன்னைக்கு முழுக்க எனக்குத் தெம்பா இருக்கும். இப்ப நான் யாரைடா திட்டுவேன்? உன்னைத் திட்ட எனக்கு வாய் வருமா?"

"திட்டுக்கா. நல்லா திட்டு."

அவள் கையை நீட்டினாள். எங்கே இருக்கிறார் என்று தேடி, அவருடைய தலை அகப்பட்டதும் அதன்மேல் கையை வைத்தாள். தடவிக் கொடுக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் அப்படியே வைத்திருந்தாள்.

"அந்த ஆளையாவது எனக்கு விட்டு வெச்சிருக்கலாமேடா."